1953 என்று நம்பி வாங்கிய மெஸ்ஸர்ஷ்மிட்

மூன்று சக்கரம், ஒருவர் பின்னால் ஒருவராக இருக்கை, தலைக்கு மேல் போர் விமானத்தில் இருப்பது போன்ற கண்ணாடி மூடி. மெஸ்ஸர்ஷ்மிட் கபினன்ரோலர் என்ற பழைய ஜெர்மன் குட்டிக் கார் மீது எனக்குப் பல வருட ஆசை. போன கோடையில் பவேரியாவில் பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் ஒன்றை வாங்கினேன். கேஆர் 175 மாடல், அதுவும் 1953இல் வந்த முதல் சில மாதத்து வண்டி என்றார். அதற்காகவே விலையும் கூட. வீட்டுக்கு வந்து சேர்ந்தது அதற்கு அடுத்து வந்த மாடலான கேஆர் 200. அதன் மேல் 175இன் மாடல் எண் தகட்டை அடித்திருந்தார்கள்.

அவர் பேச்சில் உண்மையும் கலந்திருந்தது, அங்கேதான் ஏமாந்தேன். ரீகன்ஸ்பர்க் தொழிற்சாலையில் 1953 பிப்ரவரியில் உற்பத்தி தொடங்கி, ஜூனுக்குள் ஏறக்குறைய 70 மாற்றங்கள் செய்தார்கள். தொடக்க கால வண்டி ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. நான் எதைச் சுட்டிக்காட்டினாலும் "அப்போது வாரத்துக்கு ஒரு விதமாகச் செய்தார்கள்" என்று வாயை அடைத்துவிட்டார். மூடியின் வடிவம் வேறாக இருக்கிறதே என்றேன். பழையது உடைந்து மாற்றியதாம்.

வெட்கத்தை விட்டு இதையும் சொல்கிறேன். எஞ்சினை நிறுத்தி, சாவியை இன்னும் ஆழமாக அழுத்தி மீண்டும் கிளப்பினார். வண்டி பின்னால் போனது! இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினையே எதிர்த்திசையில் சுழலவிடும் ஏற்பாடு அது. நான்கு கியரும் பின்னோக்கி வேலை செய்யும். குழந்தை போலச் சிரித்தேன். 1955இல் வந்த கேஆர் 200இன் வசதி அது. 175க்குப் பின்னால் போகவே தெரியாது. பொய்யைத் தானே ஓட்டிக் காட்டினார், நானும் கைதட்டினேன்.

வீட்டு முற்றத்தில் கைப்பிடியை முழுதாகத் திருப்பியபோது முன்சக்கரம் மட்கார்டில் உரசியது. 200இல் சக்கரம் தாராளமாகத் திரும்புவதற்காக முன் மட்கார்டில் வெட்டு விட்டிருப்பார்கள். 175இல் அந்த வெட்டு கிடையாது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன். வளைவின் கீழ்ப்பகுதியில் ஒட்டவே இல்லை. வெட்டை அடைத்து, கனமாகப் பட்டி பூசி, மேலே அழகாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கைவேலை என்னவோ நேர்த்திதான்! தெரிந்த மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து அளந்தார்: 191 சிசி. 175இல் 173தான் இருக்கவேண்டும். தகட்டின் ரிவெட்டுகளும் புத்தம் புதியவை.

ஒப்பந்தத்தில் "பார்த்தபடி வாங்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. வியாபாரி அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வரி கேடயமாகாது என்கிறார் வக்கீல். கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. இதற்கிடையில் யாராவது "முதல் மாதத்து 175" பார்க்கப் போவதாக இருந்தால், சட்டைப்பையில் ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பின்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்டினால் வாங்காதீர்கள்.