வாரண்டை எடுக்க இலவச லோயர்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

குற்ற வழக்கில் லோயர் வைக்க வசதியில்லாதவர்கள் தட்டக்கூடிய முக்கியமான கதவு, ஒய்பிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம். 2011இல் அமைந்தது. மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்ட், ஜாமீன், விசாரணை ஆகிய கட்டங்களில் வழக்கறிஞர் தருகிறது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கோர்ட்டுப் படி ஏறுபவர்களுக்கு, வாரண்ட் (வழக்குக்கு வராதவரைப் பிடிக்கக் கோர்ட்டு போடும் கைது ஆணை) விஷயத்தில் மட்டும், இது எப்படி? விழுந்த வாரண்டை எடுக்க நல்ல துணை. விழாமல் காக்க இதை நம்பியிருக்க முடியாது.

ஏனென்றால் இங்கே வாரண்ட் ஓடி ஒளிந்தவர்களுக்கு மட்டும் விழுவதில்லை. தோட்டத்து லய வீட்டைக் காலி செய்து, தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோய்ப் பல வருடம் ஆகியிருக்கும். ஐசி எனும் அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரியே நிற்கும். சம்மன் அங்கே போய் ஏதோ ஒரு கிராணியின் (தோட்ட எழுத்தரின்) மேசையில் கிடக்கும். முகவரி மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன்னில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வண்டி வைத்திருப்பவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையை எந்த லோயரும் உங்களுக்காகச் செய்யமாட்டார்.

அடுத்த குழி, 'செபுத்தான்' எனும், வழக்கைக் கூப்பிடும் தேதி. "இன்றைக்கு வழக்கைக் கூப்பிட மட்டும்தானே செய்வார்கள், லோயர் போய்க்கொள்வார்" என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள். குற்ற வழக்கில் லோயர் நின்றாலும் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒவ்வொரு தேதிக்கும் நேரில் வர வேண்டும். போலீஸ் ஜாமீனில் இருப்பவருக்கு போலீஸ் நிலையமான பாலாய்க்குத் திரும்ப வேண்டிய தேதி ஒன்று, கோர்ட்டு ஜாமீனில் இருப்பவருக்கு வழக்குத் தேதி வேறு. இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம். காய்ச்சல் என்றால் வேலைக்கு விடுப்பு தரும் சாதாரண எம்சி (மருத்துவச் சான்று) போதாமல் போகலாம். 'நீதிமன்றத்துக்கு வர இயலாது' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். அதை அன்று காலையிலேயே லோயர் கையில் சேர்த்துவிடுங்கள்.

இனி விழுந்துவிட்ட வாரண்ட். அதற்குக் காலாவதி கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அல்லது நிறைவேற்றப்படும்வரை அது உயிரோடு இருக்கும். மைபாயார் செயலியில் சம்மன் எதுவும் இல்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது போக்குவரத்துச் சம்மனுக்கான இடம், கோர்ட்டு வாரண்டைச் சொல்லாது. ஐசி எண்ணோடும் வழக்கு எண்ணோடும் கோர்ட்டு கவுண்டரில் கேட்பதே சரி. வழக்கு எண்ணில் 83 இருந்தால் மஜிஸ்திரேட் நீதிமன்றம், 62 இருந்தால் அதற்கு மேலான செசன்ஸ் நீதிமன்றம். செசன்ஸ் என்றால் எந்த ஊரில் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஒய்பிஜிகேயின் பலம் இந்த இடத்தில்தான். லோயர் வழக்கை மீண்டும் கூப்பிடச் செய்து, வராததற்குக் காரணம் சொல்லி, வாரண்டை ரத்து செய்யக் கேட்பார். பிடிபட்டு வருகிறவருக்கும் தானாக வந்து நிற்கிறவருக்கும் மஜிஸ்திரேட் தரும் ஜாமீன் ஒன்றாக இருப்பதில்லை. திங்கள் முதல் வியாழன்வரை ஒரு நாள், காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை போலீஸ் சாலைத் தடுப்பான ரோட்பிளாக்கில் மாட்டினால் சனி, ஞாயிறு லாக்கப்பில் கழியக்கூடும். சட்டை, நீளக் கால்சட்டை, காலணி. செருப்போடு வந்தால் வாசலிலேயே சிக்கல். மலாய் சரியாகப் புரியாதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஜாமீன் வாதத்துக்குக் கையில் ஏதாவது கொடுத்தால்தான் லோயர் பேச முடியும். ஜாமீன் தொகை மிதமிஞ்சி இருக்கக்கூடாது என்று அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவு சொல்கிறது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்குபவர் சம்பளச் சீட்டைக் காட்டாமல் வாயால் சொன்னால் எடுபடாது. சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய ஜாமீன் ரசீது எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். முன்பு ஜாமீன் நின்ற அண்ணனையோ மாமாவையோ கூடவே அழைத்துப் போங்கள். நீங்கள் வராததால் அவர் பணம் பறிபோகலாம். 404ஆம் பிரிவின்கீழ் அவரைக் காரணம் காட்டச் சொல்வார்கள். கோபத்தில் அவர் விலகிக்கொள்ள மனுப் போட்டாலும் வாரண்ட் வரும்.

குறைகளும் உண்டு. அன்றைய பணியில் இருக்கும் லோயருக்கு உங்களோடு பேசச் சில நிமிடங்களே கிடைக்கும். அடுத்த தேதிக்கு வேறொருவர் வரலாம். ஆகவே நடந்ததை அரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோவது நல்லது. முழு விசாரணைக்கு லோயர் வேண்டுமென்றால் வருமானம் பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு ஈப்போவரை போய்வர ஒரு நாள் கூலி போகும். பெயர் ஒத்திருப்பதால் பலர் ஜபாத்தான் பந்துவான் குவாமான் எனும் சட்ட உதவி இலாகா அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள். அது அரசாங்க இலாகா, குற்ற வழக்கில் அதன் உதவி மிகக் குறைவு.

காப்பிக்கடையில் "உள்ளே ஆள் இருக்கிறது, வாரண்டை மூடித் தருகிறேன்" என்பவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். வாரண்டை ரத்து செய்வது நீதிமன்றம் மட்டுமே.

ரத்தானதும் அன்றே உத்தரவின் நகல் கேட்டு வாங்குங்கள். போலீஸ் பதிவில் மாற்றம் ஏறத் தாமதமானால் ரோட்பிளாக்கில் காட்ட அந்தத் தாள்தான் இருக்கும். ஐசிக்குப் பின்னால் மடித்து வைக்கலாம். மழைத்தண்ணீர் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையும் போடுங்கள்.