டவர் ஃபுல், டேட்டா பூஜ்யம்: ஒரு சின்ன கம்பெனி சிம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். இரண்டு நெட்வொர்க்குக்கு, ஒன்று கஸ்டமர் கேரில் மூன்றாவதாகப் பேசிய பெண்ணுக்கு.

சொந்த டவர் இல்லாமல், பெரிய கம்பெனியின் டவரில் ஓடும் சிம் இது. பெயர் வேண்டாம். நான் ஓரங்கட்டிய ஆண்ட்ராய்டு போனை அம்மாவுக்குக் கொடுத்து அதில் போட்டேன். சிக்னல் கோடு முழுதாக நின்றது, கால் போனது, எஸ்எம்எஸ் வந்தது. அம்மா பெரும்பாலும் வீட்டு வைஃபையில்தான் இருப்பார் என்பதால் இரண்டு நாள் எதுவும் தெரியவில்லை. வெளியே போய் அவர் வாட்ஸ்அப்பில் போட்ட போட்டோ, பக்கத்தில் குட்டிக் கடிகாரத்தோடு அப்படியே நின்றபோதுதான் டேட்டாவே இல்லை என்று புரிந்தது.

சிம்மோடு வந்த அட்டையில் ‘செட்டிங்ஸ் தானாக வந்துவிடும்’ என்று போட்டிருந்தார்கள். பொதுவாக வரும்தான். சிம்மில் இருக்கும் நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் பார்த்து, போன் தன்னிடமுள்ள பட்டியலிலிருந்து ஏபிஎன்னை, அதாவது டேட்டா எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் பெயரை, எடுத்துக்கொள்ளும். போன் பழசு, கம்பெனி புதுசு என்றால் பட்டியலில் அந்தப் பெயர் எப்படி இருக்கும்? அம்மா போனில் ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ் (ஏபிஎன்னின் முழுப்பெயர் இதுதான்) பக்கம் காலியாக இருந்தது.

கஸ்டமர் கேரில் முதல் ஆள் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். இரண்டாவது ஆள் ஏர்பிளேன் மோடை ஆன் செய்து ஆஃப் செய்யச் சொன்னார், செட்டிங்ஸ் மெசேஜ் அனுப்புவதாகவும் சொன்னார். அது இன்றுவரை வரவில்லை. பொறுமை போய் நானே உட்கார்ந்து நிரப்பினேன். ப்ராக்ஸி, போர்ட், எம்எம்எஸ்சி என்று கட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. பாதி ஜிபிஆர்எஸ் என்ற பழைய 2ஜி டேட்டா காலத்து மிச்சம். எம்சிசி என்றால் நாட்டு எண் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், வெளிநாட்டு காலுக்கு முன்னால் போடும் எண்ணை அதில் போட்டேன். மூன்று முறை சேவ் செய்தேன். மூன்று முறையும் பட்டியலில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது கால்தான் அந்தப் பெண். “எம்சிசி, எம்என்சி இரண்டையும் தொட்டீங்களா சார்?” என்பதுதான் முதல் கேள்வி. எம்என்சி என்பது நிறுவன எண். அந்த நாட்டு எண் வேறாம், மூன்று இலக்கம். சிம்மோடு பொருந்தாத எண் இருந்தால், போன் அந்தப் பதிவைச் சேமித்தாலும் பட்டியலில் காட்டாது. புதிதாகத் திறந்தால் சிம்மைப் பார்த்துப் போனே சரியாகப் போட்டுக்கொடுக்கும். நிரப்ப வேண்டியவை பெயர், ஏபிஎன் இரண்டுதான் என்று சொல்லி, ஏபிஎன்னை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். சேவ் மேலே மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கிறது, அப்புறம் பட்டியலில் அந்த வட்டத்தைத் தொட்டுத் தேர்வும் செய்ய வேண்டும்.

அப்போதும் வரவில்லை. “டேட்டா ரோமிங் ஆன் பண்ணுங்க” என்றார். ஊரைத் தாண்டாத போனுக்கு ரோமிங்கா என்று கேட்டேன். சிம் ஒரு கம்பெனி, டவர் இன்னொரு கம்பெனி. போன் அதை வெளியூர் என்றே நினைக்கிறதாம். ஆன் செய்ததும் 4ஜி எழுத்து வந்தது, கடிகாரமும் டிக் ஆனது. (நிஜமாக வெளிநாடு போகும்போது அம்மா அதை அணைக்க வேண்டும். இல்லையென்றால் பில்லைப் பார்த்து நான் மயங்க வேண்டும்.)

ஒரு வாரம் கழித்து ஹாட்ஸ்பாட் வேலை செய்யவில்லை. ஏபிஎன் டைப்பில் ‘டிஃபால்ட்’ மட்டும் போட்டிருந்தேன். இந்த கம்பெனிக்கு கமா போட்டு டி, யு, என் என்ற மூன்று எழுத்தும் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன், ஓடுகிறது. இதையும் யாரும் முன்னால் சொல்லவில்லை.

செட் ஆன பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடியோ கால் தெளிவு, வேகமும் போதும். இத்தனையும் அந்த அட்டையின் பின்பக்கத்தில் நாலு வரியில் அடங்கும். அதை அச்சடிக்காததற்குத்தான் இரண்டு நட்சத்திரம் வெட்டு.

வாங்குகிறவர்கள் ஏபிஎன் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறு போனில் வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தால் கையால் போட்டதெல்லாம் அழிந்துவிடும். அம்மா போன மாதமே ஒரு தடவை செய்துவிட்டார்.