அழுது ஏற்கும் அம்மாவா, தெரிந்தும் பேசாத அம்மாவா?

கொழும்புத் தமிழ்க் குடும்பத்து மகன் இன்னோர் ஆணைக் காதலிக்கிறான் என்று கதை எழுதினால், வீட்டின் சம்மதத்தை இரண்டு விதமாகக் காட்டலாம்.

ஒன்று, மகன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அம்மா அழுவார், கடைசி அத்தியாயத்தில் கட்டிப்பிடிப்பார். வாசிக்க ஆறுதல்தான். ஆனால் அவர் ஏன் மனம் மாறினார் என்பது பெரும்பாலும் கதையில் இருக்காது.

மற்றதில் யாரும் வாய் திறப்பதில்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு அந்தக் ‘கூட்டாளி’ வந்தால், அம்மா கேட்காமலே சீனி குறைத்துத் தேத்தண்ணீர் ஊற்றுகிறார். தரகர் தந்த சாதகமும் அதே மேசையில் கிடக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். அன்பும் பயமும் ஒரே கையில் தெரிகின்றன. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை: ஒருபால் உறவைக் குற்றமாக்கும், இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் அப்படியேதான்.

ஒரு குறை உண்டு. இந்த மௌனத்தில் காதலன் காணாமல் போய்விடுகிறான். எத்தனை வருஷம் அவன் ‘கூட்டாளி’யாகவே இருப்பான், தன் வீட்டில் என்ன சொல்லியிருக்கிறான்? அதையும் எழுத வேண்டும்.