காவிரிக் கரையா, புதுக்கோட்டைப் பாறையா?

பொங்கல் லீவு நெருங்கினாலே சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "மூணு நாள் கிடைக்குது, பழைய கோயில், கோட்டை பார்த்துக்கிட்டே மிதிக்கிற மாதிரி ஒரு ரூட் சொல்லு." பாதிப்பேர் கும்பகோணம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நான் புதுக்கோட்டை என்றதும், "அங்கே என்னப்பா இருக்கு?" என்று இழுப்பார்கள். இரண்டு பக்கமும் பல தடவை போய் வெயிலில் வறுபட்டவன் நான். அந்த உரிமையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

செஞ்சியையும் சேர்க்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை, பக்கத்திலேயே பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் குடைவரை, பனைமலையில் ராஜசிம்மன் கட்டிய கோயில். சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியை ஏறி இறங்கவே அரை நாள் போய்விடும். திண்டிவனத்திலிருந்து மிதித்து வந்த கால் படிக்கட்டில் என்ன பாடுபடும் என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். செஞ்சிக்கு ரயிலும் கிடையாது. அது மலையேறுகிறவர்களின் ஊர். சைக்கிள்காரர்களுக்கு இரண்டாம்பட்சம்தான்.

காவிரிப் பக்கம் எல்லோரும் போகும் வழி தஞ்சாவூரில் தொடங்கி கும்பகோணத்தில் முடிகிறது. சுமார் 40 கிலோமீட்டர். தரை தட்டையாகக் கிடப்பதால் கியர் இல்லாத பழைய சைக்கிளே போதும். இரண்டாம் நாள் அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம். போய்வர 70 கிலோமீட்டர். மூன்றாம் நாள் பட்டீஸ்வரம், பழையாறை, சுவாமிமலை என்று ஊரைச் சுற்றியே பொழுது போய்விடும்.

இங்கே சிக்கல் தூரத்தில் இல்லை, நடை சாத்தும் நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். சின்னக் கோயில் என்றால் சாவி குருக்கள் வீட்டில் இருக்கும், அவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம். முதல் தடவை நான் பெரிய கோயிலை ஆற அமரப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினேன். புள்ளமங்கையில் இறங்கியவன் எழுந்திருக்கவே இல்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில் அது. அதன் அடித்தளத்தில் உள்ளங்கையகலக் கற்களில் ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து, மூக்கு கல்லில் இடிக்கிற தூரத்தில் பார்த்தால்தான் யார் யாரை அடிக்கிறார்கள் என்று புரியும். விளைவு, பாபநாசம் போய்ச் சேர்ந்தபோது திருப்பாலைத்துறைக் கோயில் சாத்திக் கிடந்தது. உள்ளே இருக்கும் நாயக்கர் காலத்து வட்டமான செங்கல் நெற்களஞ்சியத்தை அடுத்த வருடம்தான் பார்த்தேன்.

ஆகவே காவிரிப் பக்கம் போகிறவர் விடியற்காலையில் சைக்கிளை எடுக்க வேண்டும். மதியம் நாலு மணி நேரம் சும்மா இருக்கவும் மனம் ஒப்ப வேண்டும். சும்மா இருப்பதற்கு அதைவிட நல்ல இடமும் கிடையாது: ஆற்றங்கரை, அரசமரம், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், சாப்பாட்டுக்கு எந்தத் திசையிலும் அரை மணியில் ஒரு கடைத்தெரு. மெயின் ரோட்டில் பஸ்கள் ஓரத்துக்குத் தள்ளினால் வாய்க்கால் கரைக்கு இறங்கிவிடலாம். குடமுருட்டி, அரசலாறு, முடிகொண்டான் என்று ஏதோ ஒன்றின் கரை உங்கள் திசையில் போய்க்கொண்டேதான் இருக்கும்.

தாராசுரத்துக்கு மட்டும் முழு மாலையை ஒதுக்குங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். நான் நாயன்மார் கதைகள் வரிசையாக இருக்கும் பக்கம் போய் நிற்பேன். பெயர் வெட்டியிருப்பதால் ஆளாளாக அடையாளம் காணலாம். சைக்கிளை வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் விட்டால் பத்திரமாக இருக்கும். இரண்டு முழம் வாங்கிவிடுவது மரியாதை.

இனி புதுக்கோட்டை. ஊரில் ஒரே லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுத் தினமும் ஒரு திசையில் போய்வரலாம் என்பதே பெரிய வசதி. சுமை இல்லாத சைக்கிள் தனிச் சுகம். (ஒரு லாட்ஜில் சைக்கிளை அறைக்குள் விடமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். கேட்டுக்கொண்டு போங்கள்.) ஒரு நாள் சித்தன்னவாசல், குடுமியான்மலை சுற்று, 50 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் வடக்கே நார்த்தாமலை. ஒரு நாள் தெற்கே திருமயம், போய்வர 40. கொடும்பாளூர் மூவர் கோயிலையும் பார்த்தே ஆகவேண்டும் என்றால் விராலிமலைப் பக்கம் ஒரு நீண்ட நாள் தேவைப்படும்.

இங்கே நடை சாத்துகிற தொல்லை குறைவு. சித்தன்னவாசல், திருமயம் கோட்டை போன்றவை தொல்லியல் துறையின் பொறுப்பில் மதியமும் திறந்திருக்கும். ஆனால் திறந்திருந்து என்ன பயன்? சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கைகளுக்கு ஏறும் பாறை, பதினோரு மணிக்கு மேல் தோசைக்கல். அதனால் படுக்கைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலுக்குள் ஒதுங்க வேண்டும். விதானத்துத் தாமரைக்குளம் முதலில் வெறும் அழுக்குத் திட்டாகத் தெரியும். வெளி வெளிச்சம் கண்ணை விட்டுப் போக ஐந்து நிமிடம் பொறுத்தால் மீன் வரும், வாத்து வரும், யானை வரும், பூப்பறிக்கிறவன் வருவான். காரில் கூட்டமாக வந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

குடுமியான்மலையில் பாறை முகத்தில் இசைக் கல்வெட்டு. ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வரிவரியாக வெட்டிவிட்டு, கடைசியில் எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய என்று தமிழில் ஒரு குறிப்பு. எதற்கு எட்டு, எதற்கு ஏழு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நார்த்தாமலையில் மொட்டைப் பாறை ஏறினால் விஜயாலய சோழீச்சுவரம். பெயரில்தான் சோழன். சாத்தன் பூதி எடுத்ததை மழை இடித்து அழித்தது, மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. இரண்டு பேருமே முத்தரையர் என்ற குறுநிலத் தலைவர்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் கணிப்பு. சதுர விமானத்துக்குள் வட்டமான கருவறை, மேற்குப் பார்த்த வாசல். நான் போன நான்கு தடவையும் அங்கே ஆடுகளும் ஆட்டுக்காரரும்தான் இருந்தார்கள்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். நிழல் குறைவு. அடுத்த டீக்கடைக்குப் பத்து கிலோமீட்டர்கூட ஆகலாம், அதனால் மூன்று லிட்டர் தண்ணீர் இல்லாமல் கிளம்பாதீர்கள். ரோடு ஏறி இறங்கிக்கொண்டே போகும், கியர் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும்விடக் கொடுமை சீமைக்கருவேல முள். அன்னவாசல் தாண்டி ஒரே நாளில் எனக்கு மூன்று பஞ்சர். மூன்றாவதை ஒட்டிய பெரியவர் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். டயருக்குள் விரலை ஓட்டி முள்முனையைக் குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, லாரிக்குப் பயந்து ஓரமா விடுறீங்க. முள்ளு ஓரத்துலதான் கிடக்கும். நடுவுல விட்டு, சத்தம் கேட்டா ஒதுங்குங்க." "சரிங்க ஐயா" என்றேன். அதற்கப்புறம் அந்த ரோட்டில் பஞ்சர் ஆகவில்லை. (காவிரிப் பக்கத்திலும் அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் உதறிக் காயப்போடுவார்கள். அது செயினில் சுற்றிக்கொண்டால் பிடுங்கி எடுக்கக் கால் மணி நேரம்.)

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆடி, ஆவணியில் மேல்காற்று அடிக்கும்போது கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் பக்கம் மிதிப்பது சுவரைத் தள்ளுவது போல. கிழக்கு நோக்கிப் போகிற மாதிரி வைத்துக்கொண்டால் அதே காற்று தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு பக்கமும் வேண்டாம். தையும் மாசியும் இரண்டுக்கும் பொருந்தும். பங்குனிக்குமேல் புதுக்கோட்டையை மறந்துவிடுங்கள்.

என் ஓட்டு எதற்கு என்றால், சைக்கிள் புதிது, கூட வீட்டுக்காரர்களும் வருகிறார்கள், நல்ல காபியும் சிற்பமும் வேண்டும் என்பவருக்குக் காவிரிக் கரை. சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம் நிறுத்திவிடுகிறது. மிதிக்கும் நேரத்தைவிடப் பூட்டுப் போட்டுத் திறக்கும் நேரம் அதிகம். புதுக்கோட்டையில் ஓர் இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மிதிக்க இடம் இருக்கிறது: கண்மாய்க்கரை, ஐயனார் கோயில் மண்குதிரை வரிசை, தூரத்தில் முளைத்து மெல்லப் பெரிதாகி வரும் பாறைக்குன்று. அரை மணி நேரம் அந்தக் குன்றையே பார்த்துக்கொண்டு மிதித்துவிட்டு அதன்மேல் ஏறுகிறவனுக்குக் கிடைப்பது, கார்க் கதவைத் திறந்து இறங்குகிறவனுக்குக் கிடையாது. என் ஓட்டு அதற்கு.

ஆறு நாள் லீவு கிடைத்தால் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை. தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டை 60 கிலோமீட்டருக்குள்தான். தஞ்சாவூரைத் தாண்டியதும் வயல் முடிந்து செம்மண் தொடங்கிவிடும், அப்புறம் முந்திரித் தோப்புகள். ஆதனக்கோட்டையில் ரோட்டோரமாக வறுத்த முந்திரி விற்பார்கள். கால் கிலோ வாங்கி ஹேண்டில்பார் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நார்த்தாமலை உச்சி வரைக்கும் வரும்.