ஆதரவு முடியும் நாள்: எண்ணிக்கையா, நீண்டகாலப் பதிப்பா, தேதியா?

கட்டற்ற மென்பொருளின் பழைய பதிப்புக்கு எதுவரை திருத்தம் வெளியிடப்படும் என்பதை அறிவிக்க இன்று மூன்று முறைகள் பெருவழக்கில் உள்ளன. கடைசி இரண்டு அல்லது மூன்று பதிப்புகளுக்கு மட்டும் ஆதரவு என்பது ஒன்று. சில பதிப்புகளைத் தேர்ந்து அவற்றுக்கு மட்டும் நீண்டகால ஆதரவு தருவது இன்னொன்று. ஒவ்வொரு பதிப்பும் வெளியாகும் அன்றே அதன் முடிவுத் தேதியையும் சொல்லிவிடுவது மூன்றாவது. ரூபாய்த் தொகையைத் தமிழில் எழுத்தால் எழுதித் தரும் சிறிய பைத்தான் நிரல்மொழி லைப்ரரி (பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றை, தரமணியில் வேலை பார்க்கும் நானும் நண்பர் ஒருவரும் மாலை வேளைகளில் பராமரித்து வருகிறோம். எங்களைப் போன்ற இருவர் குழுவுக்கு இம்மூன்றில் எது பொருந்தும் என்பதை எங்கள் தவறுகளோடு சேர்த்தே பார்க்கிறேன்.

எண்ணிக்கை முறையைத்தான் நாங்கள் முதலில் எடுத்தோம். பல சர்வர்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் இதைப் பின்பற்றுகிறது: ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று பதிப்புகள் வருகின்றன, அண்மைய மூன்றுக்கு ஆதரவு உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 14 மாதம் நிற்கிறது. அங்கே வெளியீடு கால ஒழுங்கோடு நடப்பதால் எண்ணிக்கையே தேதியின் வேலையைச் செய்துவிடுகிறது. எங்களிடம் அந்த ஒழுங்கு இல்லை. "கடைசி இரண்டு பதிப்புகள்" என்று எழுதிவைத்த ஆண்டில், பாரிமுனையில் உள்ள மொத்த மருந்து வணிகர் ஒருவரின் பில்லிங் மென்பொருளில் எங்கள் பதிப்பு ஏப்ரலில் ஏறியது; மே மாதம் ஒன்றும் ஜூலையில் ஒன்றுமாக நாங்கள் புதியவற்றை வெளியிட்டோம். ஆகஸ்டில் அவருடைய நிரலர் தொலைபேசியில் அழைத்தார். ரூ.1,05,000க்கான பில்லில் "ஒரு லட்சத்து ஐந்து" என்று அச்சாகியிருந்தது, பிழை எங்களுடையது. "சார், ஏப்ரலில் போட்டது ஆகஸ்டுக்குள் பழசாகிவிட்டதா?" என்று அவர் கேட்டபோது, எங்கள் கொள்கையின்படி ஆம் என்பதே பதிலாக இருந்தது. அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவே பழைய கிளையிலும் (அந்தப் பதிப்புக்கெனத் தனியே வைத்திருக்கும் நிரலிலும்) திருத்தத்தைச் சேர்த்தோம். நாங்கள் எப்போது வெளியிடுவோம் என்பது அவருக்குத் தெரியாத நிலையில், தம் பதிப்பின் ஆயுளை அவர் எதை வைத்துக் கணிப்பார்?

நீண்டகாலப் பதிப்பு முறை, பயன்படுத்துபவருக்கு எதைத் தேர்வது என்ற குழப்பத்தை நீக்குகிறது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும் பதிப்புக்கு 5 ஆண்டு வழக்கமான ஆதரவு உண்டு, இடைப்பதிப்புக்கு 9 மாதம்தான், பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் 4.2 போன்ற நீண்டகாலப் பதிப்புகள் 3 ஆண்டு நிற்கின்றன. இதன் சுமை கடைசி ஆண்டுகளில்தான் தெரியும். புதிய கிளையின் நிரல் வெகுதூரம் மாறிவிட்ட பிறகு, அங்கே நான்கு வரியில் முடிந்த திருத்தத்தைப் பழைய கிளைக்கு எடுத்துச்செல்வது புதிதாக எழுதுவதற்குச் சமமாகிவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு 6 ஆண்டு வரை இருந்த ஆதரவை 2 ஆண்டாகக் குறைக்கப்போவதாக 2023இல் அறிவிக்கப்பட்டதற்குப் பராமரிப்பாளர்களின் சுமையும் ஒரு காரணம். அத்தனை பெரிய திட்டமே தாங்கத் தயங்கும் பாரத்தை, வேலை முடிந்து வந்து நிரல் எழுதும் இருவர் ஏற்பதாக வாக்களிப்பது முறையன்று என்று நினைக்கிறேன்.

தேதி முறையில் எனக்கு மிகவும் பிடித்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள். ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் 5 ஆண்டு, அதன் கடைசி வெளியீடு நவம்பரில் என்பதே விதி. இந்த ஆதரவிலிருந்து விலக்கப்பட்ட பதிப்பு என்று ஒன்று கிடையாது. பைத்தானும் இப்போது ஆண்டுதோறும் அக்டோபரில் வெளியாகி 5 ஆண்டு ஆதரவு பெறுகிறது. ஆனால் தேதியைச் சொல்லிவிட்டு மாற்றினால், சொல்லாமல் இருந்ததைவிட அதிகக் கேடு நேரும். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிச் சர்வர்களை மாற்றியவர்களுக்கு, அது 2021 இறுதியிலேயே முடியும் என்று 2020 டிசம்பரில் தெரிவிக்கப்பட்டது. பைத்தான் 2.7இன் முடிவும் நகர்ந்ததுதான், 2015இலிருந்து 2020க்கு. நீட்டிப்பு என்பதால் அது யாரையும் நடுவழியில் விடவில்லை. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ் 16 வேறுவகை: அது சார்ந்திருந்த மறையாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1இன் ஆதரவு 2023 செப்டம்பர் 11இல் முடிந்ததால், 2024 ஏப்ரல் வரை இருந்திருக்க வேண்டிய ஆதரவை அந்த நாளுக்கே முன்தள்ள வேண்டியதாயிற்று. நாம் எதன்மேல் நிற்கிறோமோ அதன் தேதியைப் பார்க்காமல் நம் தேதியை எழுதக் கூடாது.

ஆகவே நாங்கள் தேதி முறைக்கு மாறினோம். ஒவ்வொரு பதிப்புக்கும் 2 ஆண்டு. இரண்டாம் ஆண்டில் பாதுகாப்புக் குறைகளுக்கும் தொகை தவறாக அச்சாகும் பிழைகளுக்கும் மட்டும் திருத்தம். இதற்குள் இன்னொரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: விருப்பம்போல் பதிப்புகளை வெளியிட்டால் ஒரே நேரத்தில் ஐந்தாறு கிளைகள் உயிரோடு நிற்கும். அதனால் புதிய வசதிகள் கொண்ட பதிப்பு ஆண்டுக்கு ஒன்றுதான், அதுவும் ஜூலை 1ஆம் தேதி, என்று எங்களை நாங்களே கட்டிக்கொண்டோம். இரண்டு கிளைகளுக்கு மேல் போகாது. எந்தெந்தப் பைத்தான் பதிப்புகளில் ஓடும் என்பதையும் அன்றே எழுதிவிடுகிறோம், பைத்தான் 3.9இன் ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டாலும், ஏற்கெனவே வெளியான எங்கள் பதிப்புகளில் கைவைக்காமல் அடுத்த பதிப்பிலிருந்துதான் அதை நீக்குகிறோம்.

முடிவு நாள் எப்போதும் ஜூன் 30. மார்ச்சில் கணக்கு முடிப்பு, ஏப்ரலில் புதிய பில் வரிசை, அக்டோபரிலிருந்து தீபாவளி வியாபாரமும் சென்னை மழையும். இவற்றில் எந்த மாதத்திலும் கடைக்காரர் மென்பொருளை மாற்ற ஒப்பமாட்டார். அறிவிப்பில் பதிப்பு, வெளியான நாள், ஆதரவு முடியும் நாள் என்ற மூன்று விவரங்கள் மட்டுமே உள்ளன. "ஏறத்தாழ", "இயன்றவரை" போன்ற சொற்களை நண்பர் ஒவ்வொன்றாக அடித்துவிட்டார். பாரிமுனை நிரலருக்கு அதை அனுப்பினேன். மாற்றும் வேலையை மே மாதத்தில் வைத்துக்கொள்வதாக அவர் பதில் எழுதியிருக்கிறார்.