என் ரீஃபண்டை விளம்பரமாக்கிய ‘ஆடிட்டர்’

“முன்பணம் வேண்டாம், வருமான வரி ரீஃபண்ட் வந்தபிறகு நூற்றுக்குப் பத்து கொடுத்தால் போதும்” என்று உங்களுக்கு மெயிலோ வாட்ஸப்போ வந்திருந்தால், பதில் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். 2023இல் கூட வேலை செய்கிறவர் சொல்லித்தான் வருமான வரி ரிட்டர்ன் போட அந்த ஆளிடம் போனேன். சம்பளமும் பிடித்த வரியும் காட்டிக் கம்பெனி தரும் ஃபார்ம் 16ஐயும் 500 ரூபாயையும் கொடுத்தேன், ரிட்டர்னை ஒழுங்காகவே போட்டுக் கொடுத்தார். வரித்துறைப் போர்ட்டல் பாஸ்வேர்டையும் கேட்டார், கொடுத்தேன். போர்டில் பெயருக்குப் பக்கத்தில் ‘டாக்ஸ் கன்சல்டன்ட்’ என்று இருந்தது. நம்ம ஊரில் வரிக் கணக்குப் போடுகிறவர் எல்லாருமே ஆடிட்டர்தானே, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

2024 மே மாதம் அவரிடமிருந்து ஒரு மெயில். ‘அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு, சென்ற ஆண்டு உங்கள் சம்பளத்தில் பிடித்த வரி இவ்வளவு, உங்களுக்குத் திரும்ப வந்தது 0. மற்றவர்களுக்கு நாங்கள் வாங்கித் தந்ததைக் கீழே பாருங்கள்.’ கீழே நாலைந்து ரீஃபண்ட் ஸ்கிரீன்ஷாட். எனக்கே மறந்துபோயிருந்த வரித்தொகையை ரூபாய் சுத்தமாக எழுதியிருந்தார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்: கணக்குப் போடக் கொடுத்த காகிதத்தை ஆள் பிடிக்க எடுத்திருக்கிறார். ‘கடைசி நாள் ஜூலை 31 வருகிறது, ஃபார்ம் 16 அனுப்புங்கள்’ என்று பழைய ஆட்களுக்கு ஞாபகப்படுத்துவதில் தப்பே இல்லை. என் சம்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கே ஆசை காட்டுவது வேறு.

எனக்கு ஆசை வந்தது. மறைப்பானேன்.

அந்த வருஷம் ஆபீசில் பிடித்திருந்த வரி 71,240 ரூபாய். ரிட்டர்னை உறுதிசெய்ய என்று போனில் ஆதார் ஓடிபி கேட்டார், சொன்னேன். எதைக் காட்டிக் கேட்கப்போகிறீர்கள் என்றதற்கு, “சட்டத்துலயே இடம் இருக்கு மேடம், நீங்க கவலைப்படாதீங்க” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள் 41,600 ரூபாய் அக்கவுண்டில் விழுந்தது. 4,160 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் வாஷிங் மெஷின் வாங்கினேன்.

2025 ஏப்ரலில் அடுத்த சீசனுக்கான மெயில். எங்கள் கம்பெனி ஆட்கள் நூறு பேருக்கு மேல், எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. மத்தியானம் அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண் செல்போனோடு வந்தாள். “அக்கா, இது உங்களுதுங்களா?”

போர்ட்டலுக்குள் போய் எடுத்த ஸ்கிரீன்ஷாட். பெயர் மேல் கறுப்புக் கோடு. செல்போனில் படத்தின்மேல் கிறுக்குகிற பேனா இருக்கிறதல்லவா, அதில் ஹைலைட்டரை எடுத்து இழுத்திருக்கிறார். அது முழுசாக மறைக்காது. பிரைட்னஸை ஏற்றினாள். கோட்டுக்கு அடியில் என் பெயர், அதன் கீழே பான் எண், பக்கத்தில் 41,600.

வெட்கத்தைவிட அவள் அடுத்துக் கேட்டதுதான் வயிற்றைக் கலக்கியது. “கட்சிக்கு ஏதாச்சும் நன்கொடை குடுத்தீங்களாக்கா? இல்லாம இவ்ளோ வராதுங்களே.”

அன்று ராத்திரி பாஸ்வேர்டை மாற்றிப் போர்ட்டலுக்குள் போனேன். நான் போட்ட ரிட்டர்னை நான் திறந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. கட்சிக்குக் கொடுத்ததை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தரும் 80ஜிஜிசி பிரிவில் அரசியல் கட்சிக்கு நன்கொடை, 2,00,000 ரூபாய். கோயில் உண்டியலில் நூறு ரூபாய் போடவே யோசிக்கிறவள் நான். புரொஃபைலில் என் மெயில் ஐடி இல்லை. அவர் உருவாக்கிய ஏதோ ஒரு ஜிமெயில். ‘உங்கள் நன்கொடைக் கழிவைச் சரிபாருங்கள்’ என்று வரித்துறை அனுப்பியிருந்தாலும் எனக்கு வந்திருக்காது.

போன் போட்டேன். குரல் உயரவே இல்லை. “ஓடிபி நீங்கதானே மேடம் குடுத்தீங்க?” சட்டப்படி அவர் சொன்னதும் சரிதான். ரிட்டர்ன் என் பெயரில், பொய்யும் என் தலையில். தவறான தகவல் என்று துறையே பிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட 270ஏ பிரிவு இடம் தருகிறது.

அதற்குப் பிறகும் மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். ஜூலை 14 அன்று, பொய்க் கழிவு காட்டுகிறவர்கள் மேல் நாடு முழுக்க வருமான வரித்துறை நடவடிக்கை என்று செய்தி. சந்தேகப் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. கமிஷனுக்காக ரிட்டர்ன் போடும் கும்பல்கள், நோட்டீஸ் கண்ணில் படாதபடி தற்காலிக மெயில் ஐடிகள் என்று அறிக்கையில் படிக்கப் படிக்க என் கதையாகவே இருந்தது. அதற்கு முந்தைய நாலு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே திருத்தி, 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவைக் கைவிட்டிருந்தார்கள். அந்த வரிசையில் நானும் போய் நின்றேன்.

இந்தத் தடவை நிஜமான சிஏ, அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். ஐடிஆர்-யு என்கிற புதுப்பித்த ரிட்டர்ன் போட்டார். வந்த 41,600ஐத் திரும்பக் கட்டினேன். அதற்கு மேல் 25 சதவீதம் கூடுதல் வரி, அதுவே பத்தாயிரத்துக்கு மேல். அவர் கட்டணம் தனி. வாஷிங் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த சிஏவிடம் கேட்டேன், இப்படி மெயில் அனுப்பலாமா என்று. சிரித்தார். சிஏக்களுக்கான 1949ஆம் வருஷச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே, சுற்றறிக்கை அனுப்பி ஆள் பிடிப்பது தொழில் ஒழுங்கீனம் என்று இருக்கிறதாம். வருகிற பலனில் சதவீதம் பேசுவதும் அப்படித்தான். ஆனால் அது சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐயின் உறுப்பினர்களைத்தான் கட்டும். ஐசிஏஐ தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்தோம். என் ஆள் அதில் இல்லவே இல்லை.

ஆகவே யாரிடம் கொடுத்தாலும், ஓடிபி சொல்லும் முன் கணக்கீட்டுத் தாளை வாங்கி ஒவ்வொரு கழிவும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். புரொஃபைலில் மெயிலும் மொபைலும் உங்களுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

போன மாதம் எனக்கு மறுபடி மெயில் வந்தது. பட்டியலிலிருந்து என்னை எடுக்கவே இல்லை போலிருக்கிறது. புது ஸ்கிரீன்ஷாட், அதே கறுப்புக் கோடு. பிரைட்னஸை ஏற்றினேன். ஸ்டோர்ஸில் இருக்கும் அண்ணன் பெயர். எழுந்து ஸ்டோர்ஸுக்குப் போனேன்.