லெதர் ஃபினிஷ் மேடையில் அழுக்கு தெரியாது என்பார்கள். தெரியாதுதான், அதுதான் தொல்லை

சமையல் மேடையின் கருப்பு கிரானைட்டில் லெதர் ஃபினிஷ், அதாவது தோல் மாதிரி நுண்ணிய மேடுபள்ளம் உள்ள மேற்பரப்பு, போட்டால் கைரேகை தெரியாது, தண்ணீர்த் திட்டு தெரியாது, சிந்தியது சிதறியது எதுவும் தெரியாது என்று சொல்லித்தான் தருகிறார்கள். நூற்றுக்கு நூறு உண்மை. துடைத்த மேடைக்கும் துடைக்காத மேடைக்கும் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. உள்ளங்கையை வைத்துத் தடவினால்தான் சர்க்கரை நறநறக்கிறது. சில நாள் சர்க்கரை, சில நாள் உப்பு, சில நாள் என்னவென்றே தெரியாத ஏதோ ஒன்று.

சமையலறையைப் புதுப்பிக்கும் தோழி ஒருத்தி, "பளபளக்கிற பாலிஷா, பளபளப்பில்லாத ஹோன்டு ஃபினிஷா, லெதரா? நீதான் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறாயே, சொல்லேன்" என்று கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. சிங்க் ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடத்தை அடைத்து, மேடை முழுக்க மறுபடி சீலர் (கறை சீக்கிரம் இறங்காமலிருக்கப் பூசும் திரவம்) அடித்து முடித்த சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே இதில் கொஞ்சம் கோபம் இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படிக்கவும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் இருந்த வீட்டில் பாலிஷ் மேடை. அலமாரிக்கு அடியில் ஒட்டியிருந்த எல்.இ.டி. பட்டையின் ஒவ்வொரு புள்ளியும் கல்லில் அப்படியே விழும். காய் நறுக்கக் குனிந்தால் கீழிருந்து கண்ணில் அடிக்கும். லெதரில் அந்தத் தொந்தரவு கிடையாது. வெளிச்சம் கல்லில் பட்டு நாலாபக்கமும் சிதறிப்போகிறது. மேடை முழுக்க ஒரே சீரான, அடங்கிய கருப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டே மேடையைத் தடவுவார்கள், தடவுகிறோம் என்பதே தெரியாமல். பாத்திரத்தின் அடி உரசிச் சில நேரம் சாம்பல் கோடு விழும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கல் கீறிவிட்டது என்று பதறுவார்கள். கீறல் இல்லை, மென்மையான உலோகம்தான் கல்லில் தேய்ந்து ஒட்டியிருக்கிறது. லேசாகத் தேய்த்தால் போய்விடும்.

பாலிஷும் ஹோன்டும் ஒரே வேலையின் இரண்டு கட்டங்கள்தான். வைரத்தூள் பதித்த பட்டைகளால், சொரசொரப்பான 50-ம் எண்ணில் தொடங்கி 100, 200 என்று மேலே மேலே போய்க் கல்லைத் தேய்ப்பார்கள். 400 வாக்கில் நிறுத்தினால் வழவழப்பு இருக்கும், பளபளப்பு இருக்காது, அது ஹோன்டு. நிறுத்தாமல் 3000 வரை கொண்டுபோய் மெருகேற்றினால் பாலிஷ். லெதருக்கு வழி வேறு. ஹோன்டு வரை வந்த கல்லின்மேல் வைரத்துணுக்கு பதித்த பிரஷ்களை ஓட்டுகிறார்கள். கல்லில் இருக்கும் மென்மையான தாதுக்கள் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும், கெட்டியானவை மேடாக நிற்கும். அதனால் ஃபினிஷுக்குப் பெயர் ஒன்றானாலும் கல்லுக்குக் கல் தடம் வேறு. என்னுடையது பொடிமணிக் கல்; ஆரஞ்சுத் தோல் மாதிரி நுண்ணிய புள்ளிகள். பெரிய மணிகள் கலந்த கல்லாக இருந்தால் மேடு பள்ளம் கையில் நன்றாகவே தட்டும். கண்ணாடி டம்ளர் லேசாக ஆடக்கூடச் செய்யலாம்.

அந்தப் பள்ளங்கள்தான் என் பிரச்சினை முழுக்க.

குழாயைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கடினத்தன்மை உள்ள தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்பு மிஞ்சும். பாலிஷ் கல்லில் இது இரண்டு நிமிஷ வேலை: இடத்தை நனைத்து, ரேசர் பிளேடைப் படுக்கைவாட்டில் வைத்து மெல்லத் தள்ளினால் வெள்ளைச் செதில் பெயர்ந்து வந்துவிடும், கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது. லெதரில் அதே பிளேடு மேடுகளின் தலையில் வழுக்கிக்கொண்டு போகிறது. சுண்ணாம்போ பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரப்பரும் அப்படியே, மேலே மேலே தடவிவிட்டு வந்துவிடும். கருப்புக் கல்லில் வெள்ளைப் பள்ளங்கள், குழாயடியில் ஒரு முழ நீளத்துக்கு. எது இருந்தாலும் எனக்குத் தெரியாமல் மறைத்து வைக்கிற இந்த ஃபினிஷ், இந்த ஒன்றை மட்டும் வாசலில் நிற்பவருக்கும் காட்டிக்கொடுக்கும்.

வினிகர் ஊற்று என்று எல்லோரும் சொல்வார்கள். கிரானைட்டின் சிலிகேட் தாதுக்களை வினிகர் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் அடிக்கடி ஊற்றினால் சீலர் சீக்கிரம் தளரும். கல்லில் எங்காவது கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாது ஓடினால் அந்த இடம் அரிக்கும். மார்பிள் என்றால் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். துரு நீக்கும் திரவங்கள் இன்னும் மோசம். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது கிரானைட்டையே தின்னும். கடைசியில் எனக்கு மிஞ்சியது ஒரு நைலான் பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், தோள்வலி. தண்ணீரைக் காயவே விடாமல் அப்போதைக்கப்போது மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் சுண்ணாம்பு படியாது. ஒற்ற வேண்டும், இழுத்துத் துடைத்தால் பள்ளத்தில் ஈரம் தங்கிவிடுகிறது. சாதாரண ஸ்பாஞ்ச் என்றால் அதன் துணுக்கும் சேர்ந்து தங்கும். பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லித்தானே இந்தக் கல்லைக் காட்டினார்கள்?

அப்புறம் சீலர். வந்தவர் அடித்தார், மேலோட்டமாக ஒரு துடைப்பு துடைத்தார், கிளம்பிவிட்டார். சீலர் கல்லுக்குள் இறங்கவேண்டிய பொருள். இறங்காமல் மேலே நிற்பதைக் காய்வதற்குள் முழுதாக எடுத்துவிட வேண்டும். கருப்பு கிரானைட் என்று விற்பதில் பல, புவியியல்படி கேப்ரோ, டோலரைட் வகைக் கற்கள். அடர்த்தி அதிகம், உறிஞ்சுவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பள்ளங்களில் தேங்கிவிட்டது. மறுநாள் காலை மேடை முழுக்கப் பால் நிறத்தில் ஒரு மங்கல். அதே சீலரை மறுபடி கொஞ்சமாகத் தடவி, பழைய படிவு இளகியதும் துண்டால் அழுத்தித் துடைத்து, சாண் சாணாக நாங்களே சரிசெய்தோம். இத்தனைக்கும் பெரும்பாலான இடத்துக்குச் சீலரே தேவைப்பட்டிருக்காது. கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கருத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். எங்கள் மேடையில் சிங்க்கை ஒட்டித்தான் கருத்தது. இதைச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

சில்லு அடைத்தவர் வேறு ஆள், அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. எபாக்சிப் பசையில் நிறம் கலந்து, விளிம்பு வளைவை அப்படியே பிடித்துவிட்டார். ஆனால் அடைத்த இடம் வழவழவென்று மின்னுகிறது. சுற்றிலும் புள்ளி புள்ளியான கல். பாலிஷ் மேடையாக இருந்தால் அந்த மினுமினுப்பு கல்லோடு கலந்துபோயிருக்கும். மிளகளவு இடம்தான். சிங்க் முன்னால் நிற்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போய் நிற்கிறது.

ஹோன்டை நான் பயன்படுத்தியதில்லை, தங்கை வீட்டில் பார்த்திருக்கிறேன். வெளிர் மார்பிளில் போட்டிருக்கிறாள், அதற்கு அது பொருத்தம். எலுமிச்சைச் சாறு பட்டால் மார்பிளின் கால்சியம் கார்பனேட் கரைந்து அந்த இடம் மங்கிவிடும். பாலிஷில் அது வட்டமாகத் தெரியும். ஹோன்டு ஏற்கெனவே மங்கல் என்பதால் அவ்வளவாகத் தெரியாது. சீலர் அடித்தால் அமிலம் அரிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீலர் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கருப்புக் கல்லில் ஹோன்டு வேண்டவே வேண்டாம். கருப்பு வெளிறிச் சாம்பலாகும். எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் கருந்திட்டாக நிற்கும்.

கல் பார்க்கப் போனால் ஸ்லாப்பில் தண்ணீர் தெளித்து நிறம் காட்டுவார்கள். நனைந்த கல்லின் நிறம் பாலிஷுக்கு மட்டும்தான் கிட்டத்தட்டப் பொருந்தும். ஹோன்டோ லெதரோ என்றால் காய்ந்த பிறகு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை, நீங்கள் போடப்போகும் அதே ஃபினிஷில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மூலையில் எண்ணெய், ஒரு மூலையில் எலுமிச்சை, நடுவில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் என்று விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். கருப்புக் கல் என்றால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு ஒரு தேய்ப்பு. துணியில் கருப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல், வேறு பாருங்கள். காலையில் அந்தத் துண்டைத் துடைத்துப் பார்க்கும்போது, கறை போயிற்றா என்பதோடு, போனது தெரிகிறதா என்பதையும் பாருங்கள். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

சரி, தீர்ப்பு. கணக்குப் போட்டால் லெதர்தான் ஜெயிக்கும்: கண் கூசாது, கைரேகை விழாது, சின்னக் கீறல் தெரியாது, தொட்டால் அவ்வளவு நன்றாக இருக்கும். வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அவர்களில் யாரும் சிங்க் பக்கம் அதிகம் வருவதில்லை. எனக்கு மேடை சுத்தமாக இருந்தால் போதாது, சுத்தமாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். இன்றைக்குக் கேட்டால் பாலிஷ் என்றுதான் சொல்வேன், அந்த எல்.இ.டி. புள்ளிகளையும் சேர்த்து.

இதையெல்லாம் கேட்டும் லெதர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு விஷயம். குழாயை மேடையில் பொருத்தாமல் சுவரில் பொருத்தச் சொல்லுங்கள்; தண்ணீர் தேங்கும் இடம் குறையும். சிங்க்குக்காகக் கல்லை வெட்டும்போது விளிம்பைக் கூராக விடாமல் உருட்டித் தரச் சொல்லுங்கள், கூர் விளிம்புதான் முதலில் சில்லு பெயரும். இரண்டையும் கல் வெட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.